வாரம் ஒரு மாலை, ஒரு கூடம்

அடையாறு இந்திரா நகரிலிருந்து வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம், சேலையூர் வழியாகத் தாம்பரம். மறுநாள் அங்கிருந்து வண்டலூர், மாம்பாக்கம், கேளம்பாக்கம் வழியாகக் கடலோரம் கோவளம். இந்தப் பாதையைச் சுற்றுலா என்று யாரும் போகமாட்டார்கள். குடியை விட்டவர்கள், விட நினைப்பவர்களோடு உட்கார்ந்து பேசும் இடங்களும், மனநோயோடு வாழ்பவர்கள் தங்களைப் போன்றவர்களோடு கூடும் இடங்களும் தென்சென்னைப் புறநகரில் எங்கே இருக்கின்றன, எங்கே இல்லை என்று பார்க்கவே நான் கிளம்பினேன்.

இந்திரா நகரில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. டி.டி.கே. மருத்துவமனை என்று ஊர் அழைக்கும் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை அங்கேதான் இருக்கிறது. முன்னாள் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன் குடியால் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் 1980-இல் இந்த அமைப்பைத் தொடங்கினார். பணமும் செல்வாக்கும் உள்ள வீட்டிலேயே இப்படி என்றால் மற்றவர்கள் கதி என்ன என்று கேட்டுக்கொள்ள அந்தத் தலைமுறைக்கு வாய்ப்பே இருக்கவில்லை. குடி என்றால் ஒழுக்கக்கேடு, இல்லையென்றால் தலைவிதி. அது நோய், அதற்கு வைத்தியம் உண்டு என்று ஒரு பெண், அதுவும் அந்த நோயால் கணவனை இழந்தவர், பொதுவெளியில் சொன்னதன் கனத்தை இன்று நாம் மறந்துவிடக் கூடாது. 1992-இல் பத்மஸ்ரீ, 1999-இல் ஐ.நா.வின் வியன்னா குடிமைச் சமூக விருது எல்லாம் பின்னால் வந்தவை.

அந்த மருத்துவமனையின் முறையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: குடிப்பவரைச் சேர்த்துக்கொள்வதோடு நிற்காமல் வீட்டாரையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார்கள். குடிப்பவரின் மனைவி, தன் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் கதவைச் சாத்துவார், பள்ளிக்கூடத்தில் பொய் சொல்வார், நகையை அடகு வைத்ததைத் தாய் வீட்டில் மறைப்பார். அதே பொய்களைச் சொன்ன இன்னும் பத்துப் பெண்களோடு ஒரே அறையில் உட்காரும்போது அந்தத் தனிமை உடைகிறது. இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி வரைக்கும் முகாம்களைக் கொண்டுபோனபோதும் இதே வழிதான்: ஊருக்கு நடுவே, குடும்பத்தோடு.

இந்திரா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறி வேளச்சேரியில் இறங்கினேன். அங்கிருந்து தாம்பரம் பேருந்து. பள்ளிக்கரணைச் சதுப்பைத் தாண்டினால் பிறகு எங்கும் வீடுகள்தான். அடுக்ககம், மனைப்பிரிவு, மறுபடி அடுக்ககம். சொந்த ஊரிலிருந்து பெயர்ந்துவந்து, கடன் வாங்கி, பக்கத்து வீட்டாரின் பெயர்கூடத் தெரியாமல் வாழ்கிறவர்கள் இங்கே ஏராளம். ஊரில் இருந்திருந்தால் ஒருவன் பேச்சு மாறிவிட்டதை மாமனோ சித்தப்பாவோ கவனித்திருப்பார். இங்கே அது வெளியே தெரிவது ஆம்புலன்ஸ் வரும்போதுதான்.

தமிழ்நாட்டில் மதுக்கடைகள் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகின்றன. 1983-இல் உருவான டாஸ்மாக்கின் கையில் 2003-இல் சில்லறை விற்பனையும் வந்தது. கடைகளை மூடுவதா வேண்டாமா என்ற வாதத்தில் நம் அரசியல் பேச்செல்லாம் தீர்ந்துபோகிறது. குடியை நிறுத்த இன்றைக்கே முடிவெடுத்த ஒருவர் மாலை ஆறு மணிக்கு எங்கே போவார் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. வேலை முடிந்த அந்த நேரம்தான் அவருக்குக் கண்டம். எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேரும் நான் பேருந்தில் கடந்துபோன தெருக்களைப் போன்ற தெருக்களில்தான் இருக்கிறார்கள்.

தாம்பரம் கிழக்கில் இறங்கி, மேற்குப் பக்கம் போய், சானடோரியம் ரயில் நிலையம் வரைக்கும் ஜி.எஸ்.டி. சாலையோரமாக நடந்தேன். அந்த நிலையத்துக்குப் பெயர் கொடுத்த மருத்துவமனையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. காசநோயாளிகளை ஊரும் உறவும் ஒதுக்கிவைத்த காலத்தில், 1928-இல், டாக்டர் சவுரி முத்து தாம்பரத்தில் அவர்களுக்காக ஒரு சானடோரியம் அமைத்தார். 1937-இல் அது அரசின் கைக்கு வந்தது. 1993 முதல் எச்.ஐ.வி. உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. வேறு மருத்துவமனைகள் அவர்களைத் தொடவே தயங்கிய வருஷங்கள் அவை. நாட்டின் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த முதல் எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று.

குடி, மனநோய் பற்றிய கட்டுரையில் இதை இழுக்கக் காரணம், எச்.ஐ.வி. விஷயத்தில் நோயாளிகளே அமைப்பாகத் திரண்டது இதே சென்னையில்தான். எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் இந்தியக் கூட்டமைப்பு 1997-இல் இங்கே உருவானது. அடுத்த வருஷமே கௌசல்யாவும் தோழிகளும் பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கினார்கள். முகத்தைக் காட்டிப் பேச யாருமே துணியாத நாளில் அவர்கள் பேசினார்கள். பின்னர் கூட்டு மருந்து மையங்களில் எச்.ஐ.வி.யோடு வாழும் ஒருவரையே பராமரிப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க அரசுத் திட்டமே இடம் கொடுத்தது. மருந்தை நிறுத்திவிட நினைப்பவரிடம், தானும் அதே மாத்திரையை விழுங்கும் ஒருவர் பேசினால் பேச்சு எடுபடுகிறது என்பதை அரசு ஏற்றுக்கொண்டு, அதற்குச் சம்பளமும் கொடுத்தது. குடிநோய்க்கும் மனநோய்க்கும் அதே ஏற்பாடு இன்னும் ஏன் வரவில்லை? அந்த வளாகத்துச் சுவரோரம் நடந்தபோது இந்தக் கேள்வி எனக்கு ஆறவே இல்லை.

அன்று மாலை ஏழு மணிக்கு ஒரு கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. வெளியாரும் வந்து உட்காரலாம் என்று அறிவிக்கும் ஓப்பன் மீட்டிங். எனக்குப் பல வருஷமாகப் பழக்கமான ஒரு அண்ணன் கூட்டிக்கொண்டு போனார். எந்தத் தெரு, எந்தக் கட்டடம், யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று நான் எழுதமாட்டேன். அங்கே பேசியது அங்கேயே இருக்கும் என்ற உறுதியை நம்பித்தான் அந்த நாற்காலிகளில் ஆட்கள் உட்காருகிறார்கள். எழுதலாம் என்று நான் நினைப்பது, அந்தக் கூட்டம் நடக்கும் விதத்தை மட்டும்.

முதலில் ஏ.ஏ. என்றால் என்ன என்று ஒருவர் வாசிக்கிறார். உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். பிறகு ஒவ்வொருவராக முதல் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குகிறார்கள். இதற்கு அவர்கள் சொல்வது ஷேரிங். ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கிடுவதில்லை. பேசி முடித்ததும் புத்தி சொல்வதில்லை. நம் வீடுகளில் ஒருவன் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கியதுமே பக்கத்தில் இருப்பவர் தீர்வைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அது இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் மனிதர்கள் பேசுவதையும் கேட்பதையும் பார்ப்பதே எனக்குப் புதிதாக இருந்தது. வருகைப் பதிவேடு கிடையாது. கட்டணம் கிடையாது. ஒரு துணிப்பை சுற்றிவரும், முடிந்தவர்கள் போடுவார்கள். அறை வாடகையும் டீச் செலவும் அதிலிருந்துதான். வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை என்பது அவர்கள் மரபு. கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று ஒரு சிறு பிரார்த்தனை.

குடிக்காமல் ஒரு வருஷம் முடித்தவருக்கு அது பிறந்தநாள். இருபது வருஷம் முடித்தவரும் வருகிறார், நேற்று நிறுத்தியவரும் வருகிறார். இருவருக்கும் கணக்கு ஒன்றுதான்: இன்றைக்கு மட்டும் குடிக்காமல் இருப்பது. கூட்டத்தை ஏழு மணிக்கு வைப்பதும் தற்செயலாக இல்லை. அது குடிக்கிற நேரம்.

ரயில் நிலையம் வரைக்கும் அண்ணன் கூடவே வந்தார். அவருடைய சொற்களை அவர் அனுமதியோடு எழுதுகிறேன். "டாக்டர் எவ்ளோ குடிப்பீங்கன்னு கேட்டா பாதிதான் சொல்வேன், தம்பி. இங்க பாதி சொன்னா மீதியை அவங்களே சொல்லிடுவாங்க. மறைக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது." பிறகு, "புதுசா ஒரு ஆள் வந்தா எனக்குத்தான் நல்லது. என் கை எப்படி நடுங்குச்சுன்னு அவனைப் பார்த்தா ஞாபகம் வரும்" என்றார்.

ஏ.ஏ. பிறந்த கதையே இதுதான். 1935 மே மாதம் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், வியாபாரம் கைவிட்டுப்போன பில் வில்சன் விடுதியில் தனியாக நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. மதுக்கூடம் எதிரிலேயே இருந்தது. இன்னொரு குடிநோயாளியோடு பேசினால்தான் தப்பிக்கலாம் என்று தோன்றி, தேவாலயங்களுக்குத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்த பாப், ஆறு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். வில்சன் அவரைத் திருத்தப் போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போனார். அந்த முறை 1957-இல் மும்பை வழியாக இந்தியாவுக்கு வந்தது. இதையெல்லாம் வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2020-இல் வெளியான காக்ரேன் ஆய்வு 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில், மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட ஏ.ஏ.யில் முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சை மேலாகவே இருந்தது.

ஆனால் ஒரு பயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பல வருஷம் குடித்தவர் வீராப்பாகத் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் உடல் உதறலும் வலிப்பும் புத்தி தடுமாற்றமும் வரலாம்; உயிரே போகலாம். அந்த முதல் நாட்களுக்கு மருத்துவமனைதான் இடம், கூட்டம் அதற்குப் பிறகு. இன்னொன்று, குடியோடு மனநோயும் உள்ளவர்கள். "மாத்திரையும் ஒரு போதைதான், அதையும் விட்டாத்தான் முழுசா வெளிய வந்த மாதிரி" என்று அக்கறையோடு சொல்லும் மூத்தவர்களை நான் வேறு ஊர்களில் கேட்டிருக்கிறேன். இருதுருவ நோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறவர் இந்தப் பேச்சை நம்பி மருந்தை நிறுத்தினால் விளைவு கொடூரமாக இருக்கும். ஏ.ஏ.வின் சொந்தக் கையேடே உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தை ஒவ்வொரு தமிழ்க் குழுவும் மாதம் ஒருமுறையாவது உரக்க வாசிக்க வேண்டும்.

இரண்டு நோயும் உள்ளவர்தான் நம் ஏற்பாட்டில் அதிகம் அலைகிறார். ஒரு இடத்தில் "முதல்ல குடியை விட்டுட்டு வாங்க" என்கிறார்கள். இன்னொரு இடத்தில் "முதல்ல மனசுக்கு வைத்தியம் பார்த்துட்டு வாங்க" என்கிறார்கள். 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனப் பாதிப்புகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்துவிட்டது. சட்டம் சேர்த்த ஆளை நாம் இரண்டாகப் பிரித்து அலையவிடுகிறோம்.

மறுநாள் காலை தாம்பரத்திலிருந்து கோவளத்துக்கு. வண்டலூரில் திரும்பினால் வெயிலும் கல்லூரிப் பேருந்துகளும்தான் வழியெல்லாம். கேளம்பாக்கத்தைத் தாண்டிக் கழிமுகம் தெரியத் தொடங்கியதும் காற்று மாறிவிடுகிறது. கோவளத்தில் ஒரு தேவாலயம், ஒரு தர்கா, மீன்பிடிக் குடியிருப்பு. இங்கேதான் தி பேனியன் அமைப்பின் ஒரு வளாகம் இருக்கிறது. தெருவில் ஆதரவின்றி அலைந்த மனநோயுள்ள ஒரு பெண்ணுக்கு எங்குமே இடம் கிடைக்காததைக் கண்ட இரண்டு இளம்பெண்கள், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும், 1993-இல் தொடங்கிய அமைப்பு அது. வருஷக்கணக்கில் விடுதிகளிலேயே இருந்துவிட்டவர்களை நாலைந்து பேராக, சாதாரணத் தெருவில் வாடகைக்கு எடுத்த வீட்டில் குடிவைக்கும் அவர்களுடைய 'ஹோம் அகைன்' திட்டம் இன்று பல மாநிலங்களில் நடக்கிறது. அந்த வீடுகளுக்குள் போய்ப் பார்க்க நான் கேட்கவில்லை. அவை மற்றவர்கள் குடியிருக்கும் வீடுகள். சமைப்பது, கடைக்குப் போவது, சண்டை போட்டுச் சமாதானம் ஆவது என்று ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக்கொள்ளும் வாழ்க்கை அங்கே நடக்கிறது என்பதே போதும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டபடியே 28 பேர் தீயில் மாண்ட மாநிலம் இது. அங்கிருந்து இங்கே வந்திருக்கிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனாலும் மனநோயுள்ளவர்கள் தாங்களே கூடும் குழு என்று தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்புகிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை நடத்திய டாக்டர் சாரதா மேனன் 1984-இல் மனச்சிதைவு உள்ளவர்களுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 1989-இல் குடும்பத்தார் சேர்ந்து ஆஷாவை உருவாக்க அவரே தூண்டுதலாக இருந்தார். "எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பா?" என்ற பெற்றோரின் கேள்விக்கு அங்கே ஒரு கூட்டு இடம் கிடைத்தது. அது பெரிய காரியம். ஆனால் பெற்றோர் கூடுவது ஒன்று, நோயைச் சுமப்பவரே கூடுவது இன்னொன்று. காதில் குரல் கேட்கிறது என்பதை அம்மா எதிரில் சொல்லமுடியாது. அதே குரலோடு வாழ்ந்து வேலைக்கும் போகிற ஒருவரிடம் சொல்லலாம். நியூயார்க்கில் 1940-களில் மனநல மருத்துவமனையிலிருந்து வெளியேறிய சிலர் 'நாங்கள் தனியாக இல்லை' என்று பெயர் வைத்துக் கூடினார்கள். அதிலிருந்து 1948-இல் ஃபவுண்டன் ஹவுஸ் என்ற கூடுமிடம் வந்தது. குஜராத்தில் 2014 முதல் நடந்த திட்டத்தில் அரசு மனநல மருத்துவமனைகளிலேயே நோயைக் கடந்தவர்களைப் பயிற்றுவித்து மற்றவர்களுக்குத் துணையாக அமர்த்தினார்கள். நம் பக்கத்திலும் சான்று இருக்கிறது. செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும் முன்பு, காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்கார்ஃப் பங்கெடுத்த ஓர் ஆய்வு நடந்தது. மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்ப் பணியாளர்களைப் பயிற்றுவித்து மனச்சிதைவு உள்ளவர்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இந்த உதவியும் பெற்றவர்களின் முடக்கம் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது என்று 2014-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. பட்டம் இல்லாதவரால் முடிந்தது, அந்த நோயையே அனுபவித்தவரால் முடியாதா?

2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வார்டுகள். அதன் சமுதாயக் கூடங்களில் கல்யாணமும் காதுகுத்தும் இல்லாத நாட்கள் நிறைய. மண்டலத்துக்கு ஒரு கூடத்தை, பேருந்து நிறுத்தத்துக்கோ ரயில் நிலையத்துக்கோ நடந்துபோகும் தூரத்தில், வாரம் ஒரு மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை இந்தக் குழுக்களுக்குக் கொடுக்கட்டும். ஏ.ஏ. குழுக்கள் இலவசம் கேட்பவை இல்லை. கட்டக்கூடிய வாடகையை வாங்கிக்கொள்ளலாம். "குடிகாரங்க வருவாங்க" என்று சாவியை மறுக்காமல் இருந்தால் போதும். பெண்களுக்கு வேறு நேரம் வேண்டும். குடிக்கிற பெண் ஆண்கள் நிறைந்த அறைக்குள் வரமாட்டார். பகல் 11 மணிக்கு, அங்கன்வாடிக்குப் பக்கத்தில் என்றால் வருவார். மனநோயுள்ளவர்களின் குழுவைத் தொடங்கிவைக்க மாவட்ட மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளர் முதல் சில மாதம் வந்து உட்காரட்டும், பிறகு அவர்கள் கையில் விட்டுவிட்டு விலகட்டும். மருந்து கொடுக்கும் இடத்திலேயே அந்தக் கூடத்தின் விலாசத்தையும் சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், புதுக் கட்டடமும் வேண்டாம்.

உங்கள் வீட்டில் இப்போதே தேவை என்றால் மனநலத்துக்கு டெலி மானஸ் 14416, போதை மீட்புக்கு 14446. இரண்டும் கட்டணமில்லா எண்கள். உங்கள் வார்டு மாமன்ற உறுப்பினர் அடுத்த முறை வீட்டு வாசலுக்கு வரும்போது சாலை, குடிநீர், சாக்கடை என்ற பட்டியலோடு இந்தக் கூடத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.